சக்கரம் வெச்ச வீடும் ஒரு நாள் பாலைவனமும்

ஆர்.வி.யில ஊர் சுத்தினதைப் பத்தி யார் எழுதினாலும் மூணாவது வரிக்குள்ள "சுதந்திரம்"னு ஒரு வார்த்தை வந்துடும். வீடு நம்ம கூடவே வருது, நினைச்ச இடத்துல நிறுத்திக்கலாம், லாட்ஜ் தேடி அலைய வேணாம், ஆகா சுதந்திரம்! போன டிசம்பர் லீவுல நானும் அப்படி ஒரு வண்டியில ஒரு நாள் முழுக்க கலிஃபோர்னியா பாலைவனத்தைக் கடந்து, டெத் வேலிக்குள்ள இருக்குற ஒரு முகாமுக்குப் போனேன். பிரமாதமான நாள், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அந்தச் "சுதந்திரம்"ங்கிற வார்த்தையோட மட்டும் எனக்கு ஒரு தகராறு இருக்கு. பி.காம். படிக்கிறவன்கிட்ட வந்து "இது ஃப்ரீ"னு சொன்னா, "செலவை யார் கணக்குல எழுதினீங்க?"ன்னுதான் முதல்ல கேட்கத் தோணும். இங்கேயும் அதே கேள்விதான்.

என் கட்சியை முன்னாடியே சொல்லிடறேன். வீட்டோட நகர்ந்து வாழறது நல்ல விஷயம்தான். ஆனா அதை யார் செய்யறாங்கங்கிறதைப் பொறுத்து உலகம் அதுக்கு வேற வேற பேர் வைக்குது. காசு இருக்குறவன் செஞ்சா சுதந்திரம். காசு இல்லாதவன் செஞ்சா நாடோடித்தனம். அந்த மண்ணுல தலைமுறை தலைமுறையா இருந்தவன் செஞ்சா, "வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்". இந்த மூணும் ஒரே பள்ளத்தாக்குல நடந்திருக்கு. ஒவ்வொண்ணா வரேன்.

முதல்ல வண்டி

ஆர்.வி.ன்னா தெரியாதவங்களுக்கு: நம்ம ஊர்ல ஷூட்டிங் நடக்குற இடத்துல ஹீரோ உள்ளே போய் உட்காருவாரே கேரவன், அந்தச் சாதிதான். லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே இருக்குற எங்க பெரியப்பா வாடகைக்கு எடுத்தது "கிளாஸ் சி" வகை. நீளம் 25 அடி. டிரைவர் தலைக்கு மேல ஒரு கட்டில், பின்னாடி ஒரு கட்டில், நடுவுல கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஒரு ஆள் நின்னா திரும்ப முடியாத பாத்ரூம். பெரியப்பா, பெரியம்மா, அக்கா (பெரியப்பா பொண்ணு), நான், ஆக மொத்தம் நாலு பேர்.

வாடகைப் பத்திரத்தைப் படிச்சது நான் ஒருத்தன்தான். வேற யாரும் படிக்கல, எனக்கு அது கதைப் புத்தகம் மாதிரி இருந்தது. நாளுக்கு இவ்வளவு வாடகை, ஓடுற ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடுற ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு. ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட் ரெண்டையும் ஒரே பக்கத்துல பார்க்கணும்னா காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகமே வேணாம், இந்தப் பத்திரம் போதும். இன்னொரு விஷயம், அமெரிக்காவுல பல வாடகை நிறுவனங்கள் கோடை காலத்துல டெத் வேலிக்குள்ள வண்டியைக் கொண்டு போகக் கூடாதுன்னே ஷரத்து போடறாங்க. நினைச்ச இடத்துக்குப் போகலாம்ங்கிற சுதந்திரத்துக்குக் காலண்டர் போட்டு வெச்சிருக்காங்க!

மைலேஜ்? கேலனுக்கு 8 முதல் 10 மைல். நம்ம கணக்குல லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்கூட முழுசா தேறாது. எங்க பாதை சுமார் 250 மைல், அதாவது 400 கிலோமீட்டர். ஒரு வழிக்கு மட்டும் நூறு லிட்டருக்கு மேல பெட்ரோல். நாலு பேரும் கார்ல போய் ஒரு லாட்ஜ்ல தங்கியிருந்தா செலவு குறைஞ்சிருக்கும்னு நான் வழியில கணக்குப் போட்டுக் காட்டினேன். பெரியம்மா, "நீ இட்லி மாவை எந்த லாட்ஜ் ஃப்ரிட்ஜ்ல வைப்ப?"ன்னு ஒரே கேள்வியில என் கணக்கை முடிச்சிட்டாங்க.

ஆனா இந்த வண்டியில நிஜமா பார்க்க வேண்டிய கணக்கு பெட்ரோல் இல்லை, தண்ணி. வண்டிக்கு அடியில மூணு டேங்க். ஒண்ணுல நல்ல தண்ணி. ஒண்ணுல பாத்திரம் கழுவின, குளிச்ச தண்ணி. ஒண்ணுல... அதான், கக்கூஸ் டேங்க். மூணுக்கும் சுவத்துல ஒரு மீட்டர். நல்ல தண்ணி இறங்க இறங்க மத்த ரெண்டும் ஏறும். டபுள் என்ட்ரி சிஸ்டம்! ஒரு பக்கம் டெபிட், மறுபக்கம் கிரெடிட். சொட்டுத் தண்ணியைக்கூட நீங்க "செலவு" பண்ணிட முடியாது, பக்கத்து டேங்குக்கு மாத்தத்தான் முடியும். அப்புறம் அதைக் கொட்டறதுக்குன்னு இருக்குற இடத்துக்கு ஓட்டிட்டுப் போய், கையுறை மாட்டி, குழாய் மாட்டி, முதல்ல கக்கூஸ் டேங்கைத் திறக்கணும். அது காலியானதும் குளிச்ச தண்ணி டேங்கைத் திறந்தா, அந்தத் தண்ணி குழாயைக் கழுவிவிட்டுடும். இந்த வரிசையை மாத்தினா என்ன ஆகும்னு நான் எழுத மாட்டேன், சாப்பிட்டுட்டுப் படிக்கிறவங்களும் இருப்பீங்க :-)

அக்காவுக்கு இது புதுசு. குளிக்கும்போது உடம்பை நனைச்சிட்டு ஷவரை மூடு, சோப்பு போடு, மறுபடி திற, ரெண்டு நிமிஷத்துல வெளிய வான்னு சொன்னதும் அழாத குறை. தண்ணி லாரி வர்ற தெருவுல வளர்ந்த எனக்கு ஒரு வாளியில குளிச்சு, மீதியில துணி அலசத் தெரியும். அமெரிக்காவுல காசு கொடுத்து வாங்குற அனுபவம், நம்ம தெருவுல வாராவாரம் ஓசியில கிடைக்குது. இதை நக்கலா மட்டும் சொல்லல. விருப்பப்பட்டு மூணு நாள் தண்ணியைச் சிக்கனம் பண்ணினா அதுக்குப் பேர் சாகசம். வேற வழியில்லாம மூணு மாசம் பண்ணினா அதுக்குப் பேர் பஞ்சம். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

அப்புறம் ரோடு

காலையில ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஐ-15 நெடுஞ்சாலையில கஹோன் கணவாய் ஏறினதும் மலைக்கு அந்தப் பக்கம் மோஹாவி பாலைவனம் ஆரம்பிச்சிடுது. விக்டர்வில், பார்ஸ்டோ, பேக்கர். இந்த வண்டி உயரமான பெட்டி மாதிரி இருக்குறதால பக்கவாட்டுக் காத்து அடிச்சா ஆடும். பெரியப்பா ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு 55 மைலைத் தாண்டவே இல்லை. லாரிக்காரங்க எல்லாம் எங்களை ஓவர்டேக் பண்ணிட்டுப் போனாங்க.

பேக்கர்ல ஒரு தெர்மாமீட்டர் இருக்கு. 1991-ல கட்டினது, உயரம் 134 அடி. ஏன் 134? 1913 ஜூலை 10-ஆம் தேதி டெத் வேலியில ஃபர்னஸ் க்ரீக்ல 134 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 56.7 டிகிரி செல்சியஸ் பதிவாச்சு. உலக வானிலை அமைப்பு ஏத்துக்கிட்ட உலக உச்சம் அதுதான். நாங்க போனது டிசம்பர்ங்கிறதால ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அந்த தெர்மாமீட்டரை அண்ணாந்து பார்த்தோம். கோடையில நிலைமை வேற. 2024 ஜூலையில 128 டிகிரி வெயில்ல பைக்ல போன ஒருத்தர் அங்கே இறந்துட்டார். அந்த வெப்பத்துல காத்து லேசாகிடறதால மீட்பு ஹெலிகாப்டர்கூடப் பறக்க முடியல.

பேக்கர்ல ஐ-15-ஐ விட்டுட்டு 127-ஆம் நம்பர் ரோட்டுல வடக்கே திரும்பணும். இங்கேதான் பயணம் ஆரம்பிக்குதுன்னு சொல்வேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்லை. நிஜமாவே ஒண்ணுமே இல்லை. வறண்ட ஏரித்தரை, தூரத்துல மலை, நடுவுல கோடு போட்ட மாதிரி ஒரு ரோடு. கலிஃபோர்னியாவுல ஒரு சட்டம் உண்டு. ரெண்டு வழி ரோட்டுல நீங்க மெதுவா போய், பின்னாடி அஞ்சு வண்டி சேர்ந்துட்டா, இடம் கிடைச்ச உடனே ஒதுங்கி அவங்களுக்கு வழி விடணும். பெரியப்பா அஞ்சு வரைக்கும் காத்திருக்கல, ரெண்டு வண்டி வந்தாலே ஒதுங்கிட்டார். ஒதுங்கும்போதெல்லாம் இன்ஜினை அணைச்சிட்டு அஞ்சு நிமிஷம் கீழே இறங்கி நின்னோம். சத்தமே இல்லாத ஒரு இடத்துல நான் நின்னது அதுதான் முதல் தடவை. மெதுவா போறதுதான் இந்த வண்டியோட லாபம்னு எனக்குத் தோணுது. நாளுக்கு 600 மைல் ஓட்டி நாலு தேசியப் பூங்காவை முடிக்கிறவங்க வீட்டையும் இழுத்துக்கிட்டு, வீட்டுல இருக்குற நிம்மதியையும் தொலைக்கிறாங்க. 250 மைலுக்கு ஒரு முழுப் பகல், அது சரியான அளவு.

ஷோஷோன்ங்கிற சின்ன ஊரைத் தாண்டினதும் டெத் வேலி ஜங்ஷன். இங்கே அமார்கோசா ஆப்பரா ஹவுஸ்னு ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கு. அதோட கதை நம்ம தலைப்புக்கு ரொம்ப நெருக்கம். மார்த்தா பெக்கெட்டுன்னு நியூயார்க்ல ஒரு நடனக் கலைஞர். 1967-ல கணவரோட டெத் வேலிக்கு முகாம் போட வந்தப்போ அவங்க டிரெய்லர் டயர் பஞ்சர். பஞ்சர் ஒட்ட இந்த ஊருக்கு வந்தவங்க, இங்கே பாழடைஞ்சு கிடந்த ஒரு அரங்கத்தைப் பார்த்தாங்க, வாடகைக்கு எடுத்தாங்க. 1968-ல முதல் நிகழ்ச்சி. பாலைவனத்துல யார் வருவா பார்க்க? அதனால சுவர் முழுக்க ராஜா, ராணி, கன்னிகாஸ்திரீன்னு ஒரு கூட்டத்தையே ஓவியமா வரைஞ்சு, அவங்க முன்னாடி ஆடினாங்க. 2012 வரைக்கும் மேடை ஏறினாங்க, 2017-ல காலமானாங்க. ஒரு பஞ்சர், நாப்பத்தி சொச்சம் வருஷ வாழ்க்கை! நகர்ந்துக்கிட்டே இருக்குறவங்களுக்கும் ஒரு இடம் பிடிச்சிடும், பிடிச்சா அங்கேயே வேர் விட்டுடுவாங்கங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அங்கிருந்து 190-ஆம் நம்பர் ரோட்டுல சுமார் 30 மைல். நீளமான இறக்கம். பிரேக்கையே மிதிச்சிட்டு வந்தா சூடாகிடும், அதனால சின்ன கியர்ல போட்டு இன்ஜினே வண்டியைப் பிடிச்சு இறக்கணும். வழியில "கடல் மட்டம்"னு ஒரு பலகை. அதைத் தாண்டியும் ரோடு கீழே இறங்கிக்கிட்டே இருக்கு!

இதே பள்ளத்தாக்குல 1883-லேர்ந்து 1889 வரைக்கும் போராக்ஸ் வெட்டி எடுத்தாங்க. ஹார்மனி போராக்ஸ் ஆலையிலேர்ந்து மோஹாவி ரயில் நிலையத்துக்கு 165 மைல். பதினெட்டு கோவேறு கழுதை, ரெண்டு குதிரை பூட்டின வண்டித் தொடர் அந்தத் தூரத்தைக் கடக்கப் பத்து நாள் ஆச்சு. ரெண்டு சரக்கு வண்டிக்குப் பின்னாடி மூணாவதா இழுத்துட்டுப் போனது என்ன தெரியுமா? 1,200 கேலன் தண்ணி டேங்க். பாலைவனத்துல நகரணும்னா தண்ணியையும் இழுத்துட்டுத்தான் போகணும்ங்கிற பாடம் அப்பவே தெளிவு. எங்க வண்டி அந்த மூணாவது வண்டியோட கொள்ளுப்பேத்திதான். ஆலையில வெயில்ல போராக்ஸ் அள்ளினது சீனத் தொழிலாளிங்க, நாள் கூலி 1.30 டாலர். விளம்பரத்துல இடம் பிடிச்சது கழுதைங்க. தொழிலாளி இல்லை.

முகாம்

ஃபர்னஸ் க்ரீக் முகாம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 190 அடி கீழே இருக்கு. குளிர்காலத்துல முன்பதிவு இல்லாம இடம் கிடைக்கறது கஷ்டம். நிறுத்தினதும் முதல் வேலை, சக்கரத்துக்கு அடியில பலகை வெச்சு வண்டியைச் சமமா நிறுத்தறது. ஏன்னா கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜ் சாய்வா நின்னா ஒழுங்கா வேலை செய்யாது. இட்லி மாவோட கதி அந்தப் பலகையிலதான் இருந்தது. ராத்திரியில ஜெனரேட்டர் போடக் கூடாது. எட்டு மணிக்கெல்லாம் விளக்கை அணைச்சிட்டு வெளிய நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வானத்தைப் பத்தி நான் எழுதப் போறதில்லை, எழுதினா நம்ப மாட்டீங்க.

எங்க பக்கத்துல எழுபதைத் தாண்டின ஒரு அம்மா இருந்தாங்க. முகாமைப் பார்த்துக்கிற தன்னார்வலர். வர்றவங்களுக்கு இடம் காட்டறது, இடத்தைச் சுத்தமா வெச்சுக்கறது, குழந்தைங்க கல்லை எடுத்துட்டுப் போகாம பார்த்துக்கறது அவங்க வேலை. பதிலுக்கு வண்டி நிறுத்த இடமும் கரண்டும் இலவசம். பெரியம்மா கொடுத்த இட்லியை மிளகாய்ப்பொடியோட சாப்பிட்டுட்டு ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சாங்க, அப்புறம் பேச ஆரம்பிச்சாங்க. வாடகை கட்டி மாளாம வீட்டைவிட்டு வந்து ஒன்பது வருஷம் ஆச்சாம். குளிர்காலம் இங்கே, கோடை வந்தா மலை மேல இருக்குற ஏதாவது முகாம். "உங்களுக்கு இது விடுமுறை, எனக்கு இது முகவரி"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. புலம்பல. பரிதாபப்படவும் விடல.

இப்படி இருக்குறவங்க அமெரிக்காவுல ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. ஜெசிக்கா ப்ரூடர் 2017-ல "நோமாட்லேண்ட்"னு ஒரு புத்தகமே எழுதினாங்க. 2020-ல க்ளோயி ஜாவ் அதைப் படமா எடுத்து, 2021-ல சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கினாங்க. அமேசான் கம்பெனி ஆர்.வி.யில வாழறவங்களைச் சீசனுக்கு மட்டும் கிடங்கு வேலைக்கு எடுக்க "கேம்பர்ஃபோர்ஸ்"னு தனித் திட்டமே சில வருஷம் வெச்சிருந்தது. தொழிலாளி வீட்டோட வருவார், வேலை முடிஞ்சா வீட்டோட போயிடுவார். முதலாளி பக்கக் கணக்குல பார்த்தா, குடியிருப்புச் செலவு பூஜ்யம்.

இப்போ சட்டத்தைப் பாருங்க. அமெரிக்க வருமான வரிச் சட்டப்படி தூங்க, சமைக்க, கழிப்பறை போக வசதி இருந்தா ஆர்.வி.யும் "வீடு"தான். அந்த வண்டியை அடமானம் வெச்சு வாங்கின கடனுக்குக் கட்டுற வட்டியை ரெண்டாவது வீட்டுக் கணக்குல காட்டி வரியில கழிச்சுக்கலாம். ஆனா ஒவ்வொரு செலவையும் தனித்தனியா கணக்கு காட்டுறவங்களுக்குத்தான் இது பலன் தரும், அதாவது பெரும்பாலும் வருமானம் அதிகமா இருக்குறவங்களுக்கு. ரொக்கம் கொடுத்து பழைய வண்டி வாங்கி அதுலயே வாழற ஆளுக்கு வட்டியும் இல்லை, கழிவும் இல்லை.

அதே ஆள் பாலைவனத்துல காசு கொடுக்காம நிறுத்தணும்னா, நில நிர்வாகத் துறையோட பொது நிலத்துல நிறுத்தலாம். பொதுவா 28 நாள்ல 14 நாள்தான், அப்புறம் இடம் மாத்தணும். இதுக்கு ஒரு நல்ல விதிவிலக்கும் இருக்கு. 1983-லேர்ந்து அரிசோனா, கலிஃபோர்னியா பாலைவனத்துல சில இடங்களை நீண்ட நாள் தங்கறவங்களுக்குன்னே ஒதுக்கியிருக்காங்க. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் ஒரே அனுமதிச் சீட்டு. பல வருஷம் அதோட விலை 180 டாலர், அதாவது ஏழு மாச வாடகை! அரசாங்கம் நினைச்சா ஏழைக்கும் இடம் கொடுக்க முடியும்ங்கிறதுக்கு அது சாட்சி.

ஆக, சொகுசுக்கு வாங்கினவனோட வண்டி ரெண்டாவது வீடு. வேற வீடு இல்லாதவனோட வண்டி, பதினஞ்சாவது நாள் நகர்த்த வேண்டிய வாகனம். வண்டி ஒண்ணுதான்.

நமக்கு முன்னாடி அங்கே இருந்தவங்க

முகாமுக்குக் கொஞ்சம் தெற்கே டிம்பிஷா ஷோஷோனி மக்களோட கிராமம் இருக்கு. பெரும்பாலான ஆர்.வி.க்காரங்க அதைக் கவனிக்காம தாண்டிப் போயிடறாங்க. இந்த மக்கள் குளிர்காலத்தைப் பள்ளத்தாக்குலயும், கோடையைப் பக்கத்து மலைகள்லயும் கழிச்சாங்க. மேலே குளிர்ச்சி, பைன் கொட்டை அறுவடை. வெயில் குறைஞ்சதும் கீழே இறங்கி வந்துடுவாங்க. கவனிச்சீங்களா? பக்கத்து வண்டி அம்மா இப்போ செய்யறதும் இதேதான். அந்த வெயில்ல எந்த மனுஷனும் எடுக்கக்கூடிய ஒரே புத்திசாலித்தனமான முடிவும் அதுதான்.

1933-ல டெத் வேலியைத் தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சாங்க. அந்த மக்களைக் கேட்கல. 1936-ல சுமார் 40 ஏக்கர்ல அவங்களுக்கு மண் வீடுகள் கட்டிக் கொடுத்தாங்க. 1957-ல என்ன நடந்ததுன்னா, வழக்கம்போலக் கோடைக்கு மலைக்குப் போன குடும்பங்களோட வீடுகளைப் பூங்காத் துறை "காலியா கிடக்கு"ன்னு சொல்லி, குழாய்த் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கரைச்சது. மண் வீடு, தண்ணி பட்டா கரைஞ்சிடும். வருஷத்துக்கு ரெண்டு அங்குலம்கூட மழை பெய்யாத ஊர்ல, வீட்டை இடிக்கத் தண்ணியைப் பயன்படுத்தியிருக்காங்க.

அக்காவை ரெண்டு நிமிஷத்துல குளிச்சு வரச் சொன்ன அதே பள்ளத்தாக்கு இது. இன்னொரு கொசுறு: முகாமுக்குப் பக்கத்துலயே தனியார் விடுதியோட பச்சைப் பசேல்னு 18 குழி கோல்ஃப் மைதானம் இருக்கு, கடல் மட்டத்துக்கு 214 அடி கீழே. தண்ணிக்கு அங்கே பஞ்சம்னு யார் சொன்னது?

அந்த மக்கள் விடல. மிச்ச வீடுகளை விட்டு நகராம இருந்தாங்க. 1983-ல மத்திய அரசோட அங்கீகாரம் வாங்கினாங்க. 1994-ல டெத் வேலி தேசியப் பூங்கா ஆச்சு. கடைசியா 2000-ல டிம்பிஷா ஷோஷோனி தாயகச் சட்டம் வந்து 7,700 ஏக்கருக்கு மேல அவங்க பொறுப்புல வந்தது. அதுல ஃபர்னஸ் க்ரீக்ல மட்டும் சுமார் 314 ஏக்கர். பூங்காவோட மொத்தப் பரப்பு 34 லட்சம் ஏக்கர். சதவீதத்தை நீங்களே போட்டுக்கோங்க, கால் சதவீதத்தைக்கூட தொடல.

இப்போ என் கேள்வி. ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் மலையிலன்னு வாழற ஆர்.வி. தாத்தா பாட்டிகளுக்கு "ஸ்னோபேர்ட்"னு செல்லப் பேர் வெச்சு, கரண்டு, தண்ணி, கழிவு கொட்ட இடம் எல்லாம் செஞ்சு கொடுத்து வரவேற்கிறோம். அதையே செஞ்சவங்களுக்கு "ஊர்ல இல்லை"ங்கிறதே குத்தமா போச்சு. வருஷத்துல பாதி நாள் பூட்டியிருக்குற கோடைக்கால பங்களாவை யாராவது தண்ணி அடிச்சுக் கரைச்சாங்களா?

"ஒரு டூர் போனோமா வந்தோமானு இல்லாம..."

இதை அக்காகிட்ட சொன்னப்போ அவ கேட்டது: "லீவுக்கு வந்த இடத்துல இதெல்லாம் எதுக்குடா? நாம என்ன செய்ய முடியும்?" நியாயமான கேள்வி. இன்னொரு நியாயமான வாதத்தைப் பெரியப்பா சொன்னார். 14 நாள் கட்டுப்பாடு இல்லேன்னா, முதல்ல வந்தவனே நிரந்தரமா இடத்தைப் பிடிச்சுப்பான், பொது நிலம் பொதுவா இருக்காது, குப்பையும் கழிவும் சேரும். இதை நானும் ஒத்துக்கறேன். முகாம்ங்கிறது பகிர்ந்துக்கற பொருள், அதுக்கு வரிசை வேணும், வரம்பு வேணும். வரம்பை எடுக்கணும்னு நான் சொல்லல. வரம்பு வைக்கிற அதே அரசாங்கம், போக்கிடம் இல்லாதவங்களுக்கு அந்த ஏழு மாசச் சீட்டு மாதிரி மலிவான இடங்களையும் வைக்கணும். வரியில வீடுன்னு ஒத்துக்கிட்டதை ரோட்டுலயும் வீடுன்னு ஒத்துக்கணும்.

அக்காவுக்கு என் பதில்: பயணத்தை ரசிக்க வேணாம்னு யாரும் சொல்லல. நான் ரசிச்சேன், காசு சேர்ந்தா மறுபடியும் போவேன். ஆனா அந்த ரசனைக்குப் பின்னாடி பொது நிலம் இருக்கு, அரசாங்கம் போட்ட ரோடு இருக்கு, யாரோ பராமரிக்கிற தண்ணிக் குழாய் இருக்கு, கழிவுக் குழி இருக்கு, அதைப் பார்த்துக்கிற எழுபது வயசு அம்மா இருக்காங்க, இடத்தை இழந்த ஒரு மக்கள் கூட்டம் இருக்கு. பேலன்ஸ் ஷீட்ல சொத்துப் பக்கத்தை மட்டும் படிச்சிட்டு "கம்பெனி சூப்பர்"னு சொல்றவனை எங்க புரொஃபசர் கிளாஸை விட்டு வெளிய அனுப்பிடுவார்.

போறவங்களுக்குச் சில உருப்படியான குறிப்பு. நவம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள போங்க. தண்ணியும் பெட்ரோலும் பேக்கர்லயே ரொப்பிக்கோங்க, விலை கூடத்தான், ஆனா அதுக்கு அப்புறம் கடைங்க ரொம்பக் கம்மி. பாத்திரம் கழுவின தண்ணியை மண்ணுல ஊத்தாதீங்க, கேட்க ஆள் இல்லேன்னாலும். ஒரு நாளைக்கு 250 மைலுக்கு மேல திட்டம் போடாதீங்க. முகாம்ல இடம் காட்ட வர்றவங்ககிட்ட பேர் கேட்டுப் பேசுங்க, கையில இருக்குறதைப் பகிர்ந்துக்கோங்க (மிளகாய்ப்பொடியைக் கொஞ்சமா வைங்க). பூங்கா அலுவலகத்துல வரைபடம் வாங்கும்போது டிம்பிஷா மக்களைப் பத்தியும் கேளுங்க, அவங்க கிராமம் அவங்க வீடு, ஜன்னல்ல எட்டிப் பார்க்காம தள்ளி நின்னு மரியாதை கொடுங்க. மூணு டேங்கையும் காலி பண்ணிட்டுத்தான் வண்டியைத் திருப்பிக் கொடுக்கணும்ங்கிறதை மறந்துடாதீங்க, மறந்தா அதுக்கும் தனியா ஒரு சார்ஜ் போடுவாங்க. பத்திரத்துல நாலாவது பக்கத்துல இருக்கு.